குடைப் பாப்பா அழுத படம்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் ஒருவர் புதுக் கண்ணாடி வாங்க வந்தார். மூக்கில் மாட்டிவிட்டு, காதோரம் இறுக்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக் குலுங்கிச் சிரிக்கிறார். கண்ணாடி நழுவுகிறது. "கொஞ்சம் நேரா பாருங்க சார்" என்றேன். "முதல்ல நீங்க இதைப் பாருங்கம்மா" என்று திருப்பிக் காட்டினார்.

படத்தில் நான்.

ஆறு வயது. முன்பல் இல்லை. ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து தொங்குகிறது. முகமெல்லாம் தண்ணீர், வாய் கோணி, தொண்டை தெரிய அழுகிறேன். மேலே எழுதியிருந்தது: 'இடைத்தேர்தல் முடிவைப் பார்க்கும் எதிர்க்கட்சித் தலைவர்.'

நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது? கண்ணாடிக் காதைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுத்தேன். "கச்சிதமா இருக்கு" என்று போய்விட்டார்.

குடை விளம்பரம் அது. வீட்டுக்கு வீடு ஒரே சேனல் ஓடிய காலத்தில், செய்திக்கு முன்னால் வரும். பாப்பா மழையில் நின்று அழும், குடை விரியும், பாப்பா சிரிக்கும். அந்தச் சிரித்த முகத்தை யாரும் வெட்டி எடுக்கவில்லை.

மார்ச் 5, புதன்

நினைத்தது சரி. அண்ணனின் வேலைதான். ஆளுங்கட்சியின் இணையப் பிரிவில் உட்கார்ந்து நாளெல்லாம் இதைத்தானே செய்கிறான்.

"பழைய கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்துறப்ப கண்ல பட்டுச்சு. செம்மயா இருந்துச்சு, வெட்டிப் போட்டேன். நீன்னு யாருக்குத் தெரியப் போவுது, விடு" என்றான்.

எனக்குத் தெரியுமே. அது போதாதா?

மார்ச் 9, ஞாயிறு

எங்கே தொட்டாலும் குடைப் பாப்பா. 'திங்கட்கிழமை காலையில் நான்.' 'கல்யாண வீட்டில் சொந்தக்காரர் அடுத்து நீதான் என்றதும் நான்.' அமைச்சர் ஒருவர் ராஜினாமா செய்தாராம், அவர் கழுத்தில் என் தலையை ஒட்டியிருக்கிறார்கள். யாரோ அழுகையை மட்டும் பிரித்தெடுத்து மேளம் சேர்த்துப் பாட்டாக்கிவிட்டார்கள். ஆடுகிறார்கள் அதற்கு. ஒரு கும்பலே வரிசையாக நின்று ஆடுகிறது.

'ஆஹா, என் சின்ன வயசு ஞாபகம் வந்துவிட்டது' என்று வேறு ஆயிரம் பேர் உருகுகிறார்கள். என் சின்ன வயசு அது, உங்களுடையது இல்லை.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு இரண்டு அறையும் நடக்கிறாள். "எம் பொண்ணு எப்பவும் ஸ்டார்தான்." வழக்கமான கதையை மறுபடி சொன்னாள். படப்பிடிப்பில் அவள் முகம் கழுவப் போயிருந்தாளாம். அந்த நேரம் பார்த்து யாரோ என்னிடம் உங்க அம்மா போயிட்டாங்க என்று சொல்லிவிட்டார்களாம். நான் அழுத சத்தம் கேட்டு, ஈர முகத்தோடு ஓடிவந்து தூக்கிக்கொண்டாளாம்.

இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஓடிவந்தாள் என்ற இடம் பிடிக்கும். இன்றைக்கும் யாராவது சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அம்மா கடைக்குப் போனால்கூட. அப்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மார்ச் 13, வியாழன்

ஒரு இணையச் சேனலில் இருந்து போன். 'அந்த முகம் இப்போது' என்று ஒரு நிகழ்ச்சியாம். எண்ணை யார் கொடுத்திருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம். முடியாது என்றேன். அம்மா போனைப் பிடுங்கி, "ஞாயித்துக்கெழம வாங்க தம்பி" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

வந்தார்கள். பேட்டி எடுப்பவன், கேமரா பிடிக்க ஒருவன், இரண்டு விளக்கு. அம்மா இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். அண்ணனும் வந்து மூலையில் உட்கார்ந்தான்.

பேட்டி எடுப்பவன் முதலில் அதே மாதிரி ஒரு தடவை அழுது காட்டச் சொன்னான். பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்களாம். வரவில்லை என்றேன். "சும்மா மூஞ்சிய மட்டும் சுளிங்க மேடம்." சுளித்தேன். பல்வலிக்காரி மாதிரி இருந்திருக்கும். விட்டுவிட்டான்.

பிறகு அம்மாவிடம் திரும்பி, "எப்படிம்மா பாப்பா அவ்வளவு தத்ரூபமா அழுதாங்க?" என்று கேட்டான்.

அம்மா சிரித்தாள். விளக்கு, கேமரா, வாயைப் பிளந்து கேட்க ஆட்கள் — எல்லாம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் வந்துவிட்டது.

"அது பெரிய கதை தம்பி. குழாய்த் தண்ணிய ஊத்துறாங்க, இது சிரிக்குது. கிள்ளிப் பாத்தாங்க, அப்பவும் சிரிக்குது. டைரக்டர் எங்கிட்ட வந்து, நீங்க போயிட்டதா சொல்லட்டுமாம்மான்னாரு. சரி சார்னுட்டு விளக்குக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். இது நம்பல. எங்கம்மா போமாட்டாங்கன்னு சொல்லுது! அப்புறம் என்ன செய்ய? பைய எடுத்துக்கிட்டு இது கண்ணு முன்னாலயே வாசல் வரைக்கும் நடங்கன்னாரு. நடந்தேன். அவ்வளவுதான், பிச்சுக்கிட்டு வந்துச்சு பாருங்க அழுகை! ஒரே டேக்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்திருக்கிறேன் போல. கேமராவில் ஓட்டிக் காட்டினார்கள், அதில் அப்படித்தான் தெரிகிறது.

முகம் கழுவப் போகவில்லை. ஓடிவரவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறாள்.

எங்கம்மா போமாட்டாங்க என்று சொன்னேனாமே. அதை ஏன் சொன்னாள்? அதையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

இரண்டு லென்ஸை அளவு தப்பி அரைத்துவிட்டேன். முதலாளி வேறு இரண்டு எடுத்துக் கொடுத்தார். முகத்தைப் பார்த்திருப்பார்.

மார்ச் 19, புதன்

நிகழ்ச்சி வெளியாகிவிட்டது. 'அம்மா வேற லெவல்', 'இந்த அம்மாவுக்குத்தான் விருது கொடுக்கணும்.' அம்மா ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிக்கிறாள்.

சாப்பிடும்போது அவளே கேட்டாள், ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று.

"எதுக்கும்மா பைய எடுத்துட்டு நடந்த?"

"எதுக்குன்னா? வேலை நடக்கணும்ல. சின்னப் புள்ள, அரை மணியில மறந்துட்ட."

"நான் மறக்கலம்மா."

"அதான் வளந்து நல்லாத்தானே இருக்க" என்று அடுப்பை அணைக்கப் போனாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

எனக்கு அவளிடம் வேண்டியது ஒன்றே ஒன்று. 'அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதுடி.' ஒரு தடவை சொன்னால் போதும். அதற்குமேல் கேட்கவே மாட்டேன். அதைக்கூட நானாகக் கேட்டு வாங்கினால் என்ன இருக்கிறது அதில்?

மார்ச் 22, சனி

காற்று திசை மாறிவிட்டது. அந்த அம்மாவின் மகன் கட்சியின் இணையப் பிரிவில் இருப்பவன் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் எல்லாக் கட்சிக்கும் மூக்கில் வியர்த்துவிடும்.

'பெற்ற குழந்தையையே ஏமாற்றிய குடும்பம், ஓட்டுப் போட்டவனை விடுமா?' அம்மா சிரிக்கும் இடத்தை மட்டும் வெட்டி, கீழே என் அழுகையை ஓடவிட்டிருக்கிறார்கள். ராட்சசி என்கிறார்கள். பெயர் சொல்லாத ஒருவன் எழுதியதை இங்கே எழுதக் கை வரவில்லை.

சிலர் நிதானமாகவும் எழுதுகிறார்கள். 'அந்தக் குழந்தைக்கு இனி யார்மேல் நம்பிக்கை வரும்?' இதை நான் போன வாரம் மனதுக்குள் சொல்லிக்கொண்டது. ஏறக்குறைய இதே வார்த்தைகள். முன்பின் தெரியாதவன் சொல்லும்போது அவன் வாயிலேயே போடத் தோன்றுகிறது. எங்கம்மாவப் பத்திப் பேச நீ யாருடா?

மார்ச் 25, செவ்வாய்

அம்மா சாப்பிடவில்லை. நான் செய்து கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் படிக்கிறாள். போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினேன்.

"இவங்கல்லாம் யாருடி? என்னை எப்படித் தெரியும் இவங்களுக்கு?" என்றாள்.

மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரி இவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாளாம். அதிலிருந்து குப்பை கொட்டக்கூட வெளியே போவதில்லை.

மார்ச் 27, வியாழன்

டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

அண்ணன் வந்தான். அவனும் பாவம், முகம் செத்துப்போய் இருக்கிறது. கட்சியில் கண்டபடி திட்டு விழுந்திருக்கிறது.

"நீ ஒரு வீடியோ போட்டா எல்லாம் அடங்கிடும்."

"என்னன்னு?"

"எல்லாம் தெரிஞ்சுதான் நடிச்சேன்னு. அம்மா அங்கயே நிக்கிறது தெரியும்னு. அழுத புள்ள நீ. நீயே சொல்லிட்டா எவன் வாயத் தொறப்பான்?"

"நான் நடிக்கலண்ணா."

"தெரியும். அம்மாவப் பாரு ஒரு தடவை. பாத்துட்டு அப்புறம் சொல்லு."

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? அதைச் சொல்லிவிட்டால் பிறகு அம்மாவிடம் நான் எதைக் கேட்பேன்?

மார்ச் 29, சனி

காலையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அன்னைக்கு அந்த வாசல்ல…" என்று ஆரம்பித்தாள். உதடு நடுங்க ஆரம்பித்துவிட்டது. மூச்சு வாங்குகிறது. கண்ணெல்லாம் உள்ளே போய், பத்து நாளில் எப்படி ஆகிவிட்டாள் —

என்னால் பார்க்க முடியவில்லை. "ஒண்ணும் சொல்ல வேணாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். கையைப் பிடித்துப் படுக்க வைத்தேன். வெளியே வந்து அண்ணனுக்கு போன் செய்தேன்.

ஊர் எதையாவது சொல்லிக்கொள்ளட்டும் என்று விடலாம். இவளை விட முடியாது.

மார்ச் 30, ஞாயிறு

ஜன்னல் பக்கம் உட்கார வைத்து அண்ணனே எடுத்தான். "எனக்கு எல்லாம் தெரியும். அம்மா பின்னாடியே நிக்கிறாங்கன்னு தெரியும். நான் நடிச்சேன். நல்லா நடிச்சேன்ல?" கடைசியில் ஒரு சிரிப்பு. அதை நானே சேர்த்தேன்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஏப்ரல் 3, வியாழன்

அடங்கிவிட்டது. குடைப் பாப்பா நடிகையர் திலகமாம். ஏதோ ஒரு நாட்டில் ஒரு வாத்து காவல் நிலையத்துக்குள் நடந்து போயிருக்கிறது. இப்போது எல்லோரும் அதன் பின்னால் போய்விட்டார்கள். இரண்டு கட்சியும் அந்த வாத்து எங்களுடையது என்கின்றன.

ஏப்ரல் 5, சனி

அம்மா இன்று தட்டைக் காலி செய்தாள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். கை கழுவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் களை திரும்பியிருக்கிறது.

"ஏன்டி இத்தனை வருஷமா சொல்லல?"

"எதைம்மா?"

"நடிச்சேன்னு. நான் பாட்டுக்கு உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டு வெந்துக்கிட்டிருந்தேன். அன்னைக்கு வாசல்ல திரும்பிப் பாத்தேன்டி. நீ ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்ன. கண்ண மூடினா அதான் வரும். அந்தப் பையங்கிட்ட சிரிச்சு சிரிச்சு சொன்னேனே, வேற எப்படிச் சொல்றது அதை? போன வாரம் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னுதான் வந்து உக்காந்தேன். வாய் வரல." பெரிதாக மூச்சுவிட்டாள். "நல்ல வேளை, கேக்கல. தெரிஞ்சேதான் அழுதிருக்க, கழுதை. நிஜமாவே நடிச்சதுதானே?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா."

"என்னையவே நல்லா ஏமாத்திட்ட, போ" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

மதியம் வெகுநேரம் தூங்கினாள். எழுந்து டீ கேட்டாள். போட்டுக் கொடுத்தேன்.