சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு ஏற்ற மருந்து

அன்புள்ள மகனுக்கு,

கடல் தாண்டி இருந்தாலும் பக்கத்து அறையில் இருப்பவனைப் போல என் மேல் ஒரு கண் வைத்திருக்கும் உனக்கு அம்மா எழுதுவது. நான் நலம். ரத்த அழுத்தம் டாக்டருக்குப் பிடித்த அளவில் இருக்கிறது. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, இப்போது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பருக்கும் பிழைப்பு நடக்க வேண்டாமா. மருமகளுக்கு இருமல் தேவலையா? பேத்தி கணக்கில் குறைந்துவிட்டாள் என்று அவளைப் போட்டுக் குடையாதே. அந்த வயதில் நீ வாங்கிய மதிப்பெண்கள் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கி கிளப் செயலாளருக்கு நீ போன் செய்தது எனக்குத் தெரியும். "அம்மாவுக்கு வயசாகுது சார், மனசு நோகாம எப்படியாவது அந்தத் துப்பாக்கிய நிறுத்திடுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டாயாம். நான் போய்க் கேட்டதும் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், கடைசி வாக்கியம் உட்பட. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனியில் இருப்பவர். பாலிசியில் பொடி எழுத்தில் இருப்பதைத் தவிர வேறு எதையும் அவரால் மறைத்து வைக்க முடியாது.

போன் செய்ததற்குக் காரணமும் தெரியும். போன மாதம் துப்பாக்கியைக் கெட்டிக்கும்போது வெடிமருந்து போட மறந்து, வெறும் ஈயக் குண்டை மட்டும் உள்ளே தள்ளிவிட்டேன். உன்னோடு பள்ளியில் படித்த பல் டாக்டர் அதை ஒரு வேடிக்கையாக உனக்குச் சொன்னான். நீ சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கியில் எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும். முதலில் அளந்து எடுத்த மருந்து. அதன் மேல் துணித்துண்டில் பொதிந்த குண்டு. பிறகு கோலால் அடிவரை ஓர் அழுத்து. நடுவில் யாராவது "மழை வரும் போலிருக்கே" என்று வாயைக் கொடுத்தால் போதும், மருந்து விட்டுப்போகும். இந்த வகைத் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லோருக்கும் நடப்பதுதான். கிளப்பில் இதற்கென்றே ஒரு தண்டனை உண்டு. மறந்தவருக்கு அன்றைக்கு டீத்தூள் போடாத டீ. எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும். குடித்தேன். திருகு முனைக் கோலை உள்ளே விட்டுக் குண்டைக் குடைந்து வெளியே இழுத்ததும் நானேதான். பல் டாக்டர் ஓடி வந்து, "பிடுங்குறது என் தொழில் ஆன்ட்டி, குடுங்க" என்றான். கொடுக்கவில்லை.

செயலாளர் உன் வேண்டுகோளை எப்படி நிறைவேற்றினார் என்று கேட்டால் நீ அவரைப் பாராட்டுவாய். முதலில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பலகையில் அரைத்தாள் அறிவிப்பு ஒன்று ஒட்டினார். உறுப்பினர்களின் பாதுகாப்பை முன்னிட்டு இனி அசல் கருமருந்துக்கு அனுமதி இல்லை, கடையில் கிடைக்கும் மாற்று மருந்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும், இது அனைவருக்கும் சமமாகப் பொருந்தும். பாதுகாப்பும் சமத்துவமும் ஒரே அரைத்தாளில். நாடாளுமன்றத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக முடிவதில்லை.

சமத்துவம் எப்படி என்று சொல்கிறேன். மற்றவர்கள் துப்பாக்கி எல்லாம் கேப்பு என்கிற குட்டி வெடிமூடி வைத்துச் சுடுவது. சுத்தியல் கேப்பின் மேல் விழுந்ததும் சூடான தீ நேராக மருந்துக்குள் பாயும். மாற்று மருந்து அதில் ஒழுங்காகப் பிடிக்கும். என்னுடையது ஒன்றுதான் சிக்கிமுக்கி. கல் இரும்பில் உரசி, பொறி பக்கத்திலுள்ள சின்னக் கிண்ணியில் விழுந்து, அங்கிருக்கும் ஒரு சிட்டிகை மருந்து பற்றி, அந்தத் தீ ஊசித் துளை வழியாக உள்ளே போக வேண்டும். கருமருந்து பொறி பட்டதும் பற்றும். மாற்று மருந்துக்கு அதைவிட நிறையச் சூடு வேண்டும். சோம்பேறி மருந்து. அதை மட்டும்தான் போடலாம் என்பதும், எல்லோரும் உள்ளே வரலாம் ஆனால் அம்மா மட்டும் சுவர் ஏறி வரவேண்டும் என்பதும் ஒன்றுதான்.

வெடிமருந்து விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், எதையும் விற்றுவிடுவார். "மேடம், இந்த மாத்திரைய பாருங்க, அளக்கவே வேணாம், ரெண்ட உள்ள போட்டா முடிஞ்சுது. வயசானவங்கதான் அதிகம் வாங்குறாங்க" என்றார். அளப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை என்றேன். அப்புறம் பொடியாக அரைத்த மாற்று மருந்தைக் காட்டினார். சிக்கிமுக்கியில் பிடிக்குமா என்று கேட்டேன். "பிடிக்கும்னுதான் சொல்றாங்க" என்றார். யார் என்று கேட்டேன். "தயாரிக்கிறவங்க" என்றார்.

முப்பது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவள் நான். சாட்சி சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுவது மட்டும்தான் வேலை, நம்புவதா வேண்டாமா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அத்தனை வருடம் அடுத்தவர் பேச்சையே எழுதியவளுக்குச் சொந்தமாக ஒரு சத்தம் போட வேண்டும் என்று தோன்றாதா? அதற்குத்தான் ஓய்வு பெற்றதும் இந்தத் துப்பாக்கி. கேப்புத் துப்பாக்கிதான் சுலபம் என்றார்கள். இதில் நடப்பதெல்லாம் வெளியே கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் இதை எடுத்தேன்.

நான் என்ன மருந்து போடுகிறேன் என்று உனக்குக் கவலை இருக்குமே, அதையும் சொல்லிவிடுகிறேன். கருமருந்தில் மணியின் அளவு முக்கியம். பெரிய மணி மெதுவாக எரியும், பொடி மணி சட்டென்று எரிந்து குழலை அதிகமாக நெருக்கும். என் அரை அங்குலக் குழலுக்கு நடுத்தர மணி. அதைவிடப் பொடியானதும் போட்டுப் பார்த்தேன், தோள் வலித்தது, குண்டுகள் இலக்கு அட்டையில் ஆளுக்கொரு திசையாகப் போயின. நடுத்தரத்தில் ஐந்தும் ஒரு சாசருக்குள் விழுகின்றன. ரொம்பப் பொடி மணி கிண்ணிக்கு மட்டும். துப்பாக்கியைத் தயாரித்தவர் சொன்ன உச்ச அளவுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. தொடங்கியது அதற்கு வெகு கீழே, நின்றதும் கீழேதான். இவ்வளவையும் நான் எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

செயலாளரிடம் நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை செயற்குழு முன்னால் என் துப்பாக்கியில் உங்கள் மாற்று மருந்தைப் போட்டுக் காட்டுகிறேன், ஒழுங்காகச் சுட்டால் அன்றைக்கே விற்றுவிடுகிறேன், சுடாவிட்டால் பலகையிலிருக்கும் காகிதத்தை நீங்களே கிழிக்க வேண்டும் என்றேன். "எதுக்கு மேடம் வீம்பு, வீட்ல நிம்மதியா டிவி பாருங்களேன்" என்றார். டிவியிலும் துப்பாக்கிதான் காட்டுகிறார்கள், ஒருவனும் சுத்தம் செய்து நான் பார்த்ததில்லை என்றேன்.

இதுவரை வெள்ளிக்கிழமை எழுதியது. இனி வருவது ஞாயிறு மதியம். கையில் கந்தக வாடை இன்னும் போகவில்லை, காகிதத்தில் கறை இருந்தால் அதுதான்.

பதினைந்து பேர் வந்திருந்தார்கள். இலவசமாகச் சண்டை பார்க்க யாருக்குத்தான் கசக்கும். தலைவருக்கு ஒரு காது கேட்காது, துப்பாக்கி கிளப்புக்கு அது ஒரு தகுதி. புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர்காரர் ஒருவர் ஆரம்பத்திலேயே எழுந்து, "எதுக்கு இந்தப் பிரச்சினை, புகையே வராத மருந்து இருக்கே, அதப் போட்டா பக்கத்துத் தெருவும் குறை சொல்லாது" என்றார். போடலாம், குழல் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்துகொள்ளும், அதற்குப் பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து குறை வராது, அனுதாபம்தான் வரும் என்றேன். அந்த மருந்தின் அழுத்தத்துக்கு இந்த மாதிரித் துப்பாக்கி செய்யப்படவே இல்லை என்று தலைவர் அவரை உட்கார வைத்தார்.

முதலில் குழலிலும் கிண்ணியிலும் மாற்று மருந்து. விசையை இழுத்தேன். பொறி விழுந்தது, அவ்வளவுதான். மறுபடியும் இழுத்தேன். பொறி அழகாகத்தான் இருந்தது. குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடி காத்திருந்தேன். செயலாளர், "கல்லு மழுங்கியிருக்கும்" என்றார். கல் புதிது. கிண்ணியில் மட்டும் அசல் மருந்தை மாற்றிப் போட்டேன். கிண்ணி பளிச்சென்று மின்னியது, குழலுக்குள் சத்தமே இல்லை. எல்லோரும் மூச்சு விட்டார்கள். விட்ட பிறகு வெடித்தது. குண்டு போய் அட்டையைத் தாங்கும் கம்பத்தில் ஏறியது. நான் துப்பாக்கியை இறக்காமல் இருந்ததால்தான் கம்பத்தோடு போயிற்று. பாதுகாப்பை முன்னிட்டு என்று எழுதியவர்கள் இதைக் கவனித்தீர்களா என்று கேட்டேன்.

பிறகு சுத்தம் செய்துவிட்டு, கருமருந்து. நடுத்தர மணி உள்ளே, பொடி மணி கிண்ணியில். இழுத்த நொடியில் வெடித்தது. கறுப்பு வட்டத்துக்குள்ளே ஓட்டை.

இதோடு முடிந்திருக்கும். செயலாளருக்கு மனது கேட்கவில்லை. மாற்று மருந்தில் குறை இல்லை, துப்பாக்கியில்தான் குறை என்று காட்ட, தன் கேப்புத் துப்பாக்கியை எடுத்தார். கெட்டித்துக்கொண்டே பேசினார். மாற்று மருந்து ஏன் சிறந்தது, காலம் எப்படி மாறுகிறது, சிலர் ஏன் மாற மறுக்கிறார்கள். நன்றாகத்தான் பேசினார். குறி பார்த்தார். கேப்பு மட்டும் "பட்" என்றது. "கேப்பு ஈரம்" என்றார். புதுக் கேப்பு வைத்தார். மறுபடியும் "பட்". தலைவர் கோலை உள்ளே விட்டுப் பார்த்தார். மருந்து இருந்தால் கோலில் உள்ள கோடு குழல்வாயில் வந்து நிற்கும். கோடு உள்ளே போய்விட்டது. "உள்ள மருந்தே இல்லையேப்பா" என்று, காது கேட்காதவர்கள் பேசும் குரலில், மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

செயலாளருக்கு வயது ஐம்பத்திரண்டு. டீத்தூள் இல்லாத டீயைக் குடித்தார், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அவர் மகனுக்கு யாரும் போன் செய்யவில்லை.

காகிதம் கிழிந்தது. ஆனால் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள், மேடம் கெட்டிக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று. நான் கைதூக்கி, எல்லோருக்கும் என்றால் எனக்கும் சம்மதம் என்றேன். சமத்துவத்தை அவர்களே ஆரம்பித்தார்கள், பின்வாங்க முடியவில்லை. இனி பல் டாக்டரை நான் பார்ப்பேன், அவன் என்னைப் பார்ப்பான். "உங்க கண்ணு முன்னாடி கெட்டிக்கிறது வாய்மொழித் தேர்வு மாதிரி இருக்கு ஆன்ட்டி" என்கிறான். அடுத்த முறை உனக்கு என்னைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அவனைக் கேட்காதே. அவனும் இப்போது சம்பந்தப்பட்ட கட்சி.

இனி நீ சிரிக்காததைப் பற்றி. உன் பெரியம்மா நம் வீட்டில் கடைசியாகத் தங்கியிருந்தபோது உன்னைப் பார்த்து, "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாள். நீ எழுந்து நின்று உன் பெயர், படிப்பு, வேலை எல்லாவற்றையும் நேர்காணலுக்கு வந்தவன் போலச் சொன்னாய். "நல்ல பையனா இருக்கான், வேலைக்கு எடுத்துக்கலாம்" என்றாள். நாங்கள் சிரித்தோம். நீ போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாய். அவளுக்கும் எனக்கும் ஒரே மூக்கு, ஒரே கையெழுத்து. நீ கணக்குப் போட்டதில் தப்பில்லை.

நீ செயலாளருக்கு போன் செய்வதற்கு முன்பே, வெறும் குண்டைக் குடைந்து எடுத்த மறுநாளே, நான் டாக்டரிடம் போனேன். தனியாகத்தான் போனேன். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். நாட்டை ஆள்வது யார் என்று கேட்டார், சொன்னேன், கூடவே என் அபிப்பிராயத்தையும் சொன்னேன், அதற்கு மதிப்பெண் இல்லையாம். ஐந்து வார்த்தைகள் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். நான்கு சொன்னேன். ஐந்தாவது, பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வந்தது. "இந்த வயசுக்கு இது நல்லாவே இருக்கும்மா, ஆறு மாசம் கழிச்சு ஒருதடவ வாங்க" என்றார். போவேன்.

ஆகவே துப்பாக்கி இங்கேயே இருக்கும். மருந்து பூட்டிய பெட்டியில் இருக்கிறது, சாவி என் கழுத்தில். அதை நிறுத்த வேண்டிய நாள் வரலாம், வராமலும் போகலாம். எதுவாக இருந்தாலும் செயலாளரிடம் கேட்காதே, பல் டாக்டரிடம் கேட்காதே, அரைத்தாள் ஒட்ட வைக்காதே. "அம்மா, உனக்கு மறக்குதா?" என்று என்னிடம் நேராகக் கேள். எனக்குக் கோபம் வரும், போனைக்கூட வைத்துவிடுவேன். அதைப் பொருட்படுத்தாதே, மறுநாள் மறுபடி கேள். நீ கேட்பது என் மகன் என்று எனக்குத் தெரிகிற வரையில், என்னிடமே கேள்.

மூவரும் சுகமாக இருங்கள்.

உனக்கு முன்னால் பிறந்த உரிமையோடு ஆசி சொல்லும்,
அம்மா