நான் பார்க்காத சோலை

ஜூன் 12, புதன்

காலை பஸ் வரவில்லை. வாசலூர்பட்டி ஏரிக்கரை வரை நடந்து போய்க் கடையைத் திறந்தேன். தூறல், பனி, படகுத்துறையில் ஆளே இல்லை. அன்னாசியை வெட்டி மிளகாய்ப் பொடி தூவி வைத்தேன். வாங்க ஆளில்லாமல் நானே தின்றேன். மிதிபடகுகள் கட்டிப்போட்ட எருமைகள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

காலையில் கிளம்பும்போது வீட்டுக்குப் பின்னால் ஓடையில் ஒரு பூ மிதந்து வந்தது. ஆரஞ்சு நிறம், உள்ளே கருஞ்சிவப்பு. சோலைக்குள்ளிருந்து வரும் ஓடை அது. அது சாமி சோலை. அதற்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, ஒரு சுள்ளி எடுக்கக் கூடாது. ஆனால் தண்ணீர் தானாகக் கொண்டுவந்து கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம். இது இந்த ஊரின் சட்டம். இந்தப் பூ பூக்கும் மரம் ஊருக்குள் எங்கேயும் இல்லை. அப்படியென்றால் உள்ளே இருக்கிறது. எவ்வளவு உயரம் இருக்கும்? நிழல் எப்படி விழும்?

நான் இதே மலையில் வளப்பூர் நாட்டில் பிறந்தவள், இங்கே எடப்புளி நாட்டுக்கு வாழ வந்தவள். வந்த நாளிலிருந்து அடுப்படி ஜன்னலில் அந்தச் சோலைதான் தெரிகிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது.

ஜூன் 16, ஞாயிறு

நல்ல கூட்டம். பஜ்ஜி மாவு மத்தியானத்திலேயே தீர்ந்துவிட்டது.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "அந்தச் சோலைக்கு எப்படிங்க போறது?"

"போறதில்லீங்க."

"ரோடு இல்லையா?"

"ரோடும் இல்ல. போறதும் இல்ல."

சிரித்தார். நல்ல சிரிப்புதான். பெயர் பிரேம், கோயமுத்தூர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதே ஆளைப் பற்றி என் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் சொல்கிறார். இவருடைய ஜீப்பைத்தான் பிரேம் மாத வாடகைக்குப் பேசியிருக்கிறாராம். சோலையில் விடுதி கட்டப் போகிறார்களாம். மரத்தின் மேல் வீடு, கண்ணாடித் தரை, நீச்சல் குளம்.

"யார் விட்டது?" என்றேன்.

"கவர்மெண்டு எடம். குத்தகைக்குக் கேட்டிருக்காங்க. நாலு பேத்துக்கு வேலை வருமில்ல யமுனா?"

நான் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

ஜூன் 17, திங்கள்

கனவில் சோலைக்குள் போனேன். உள்ளே ஒரு ஏரி. மிதிபடகுகளை மரக்கிளைகளில் கட்டியிருந்தார்கள். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஒரு மரநாய் உட்கார்ந்திருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

பாவாயி அக்கா வீட்டு வாசலில் கூட்டம் போட்டோம். பாவாயி அக்காவுக்கு எங்கள் மேட்டுக்கு அடுத்த மேட்டில் மிளகும் மரவள்ளியும். குரல் மூன்று மேட்டுக்குக் கேட்கும். எங்கள் எல்லார் வயலுக்கும் சோலையின் ஓடைதான் தண்ணீர். அது நின்றால் நாங்கள் கீழே இறங்கிக் கோழிப்பண்ணை வேலைக்குப் போக வேண்டியதுதான்.

விஷயம் இதுதான். சர்க்கார் கணக்கில் சோலை 'தரிசு' என்று இருக்கிறது. கம்பெனி கொடுத்த அறிக்கையில் 'பராமரிப்பற்ற புதர் நிலம், பெரிய மரங்கள் இல்லை' என்று எழுதியிருக்கிறது. பெரிய மரங்கள் இருக்கின்றன, இது காடு என்று தெரிந்தால் வனத்துறையைக் கேட்காமல் குத்தகைக்கு விட முடியாதாம். அடுத்த மாதம் சமுதாயக் கூடத்தில் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்கள்.

"மரம் இருக்குதுன்னு சொல்லிப் போடலாம். முடிஞ்சுது," என்றார் பாவாயி அக்கா.

"பாத்தியான்னு கேப்பாங்க அக்கா."

எல்லோரும் பூசாரி ராசப்பன் மாமாவைப் பார்த்தோம். அவர் ஒருவர்தான் வருஷத்துக்கு ஒருமுறை, ஆடியில், வெறுங்காலோடு உள்ளே போய் விளக்கு வைத்துவிட்டு வருகிறவர். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்: "பாத்ததச் சொல்லப்படாது சாமி. எங்கப்பனும் எங்கிட்டச் சொல்லல."

நல்ல ஊர்! போனவர் சொல்ல மாட்டார். சொல்லக்கூடியவர்கள் போனதில்லை.

ஜூலை 3, புதன்

பிரேம் கடைக்கு வந்தார். "உங்க போராட்டம் பத்திக் கேள்விப்பட்டேன். உள்ள ஒரு பெரிய மரம் இருக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ காட்டுங்க, நான் மூட்டையைக் கட்டிர்றேன்," என்றார். மிரட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சலாக இருந்தது.

டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். மறந்தேனா? சரி, போடவில்லை.

ஜூலை 6, சனி

முடிவாகிவிட்டது. செல்போனை எடுத்துக்கொண்டு ஒரு ஆள் உள்ளே போக வேண்டும். யார்? ஆண்கள் மோட்டுவளையைப் பார்த்தார்கள். "நான் போறேன்," என்றேன். சாமி பயம் எனக்குக் குறைச்சல் என்று ஊருக்கே தெரியும். எனக்கு உள்ளூர என்ன ஆசை என்று ஊருக்குத் தெரியாது. ஜன்னலில் பார்த்துப் பார்த்து ஏங்கிய இடம். போராட்டத்துக்காகப் போகிறேன் என்ற பெயரில் என் ஆசைக்காகப் போகிறேனோ?

ராசப்பன் மாமா மட்டும் எழுந்து போய்விட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

விடிந்தும் விடியாமலும் கிளம்பினேன். பனி முழங்கால் வரை. சாமை வயலைத் தாண்டி மேடேறினால் எல்லைக்கல் வரிசை. ஊர்க்காரர்கள் அந்தக் கல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். நானும் செருப்பைக் கழற்றினேன்.

கல்லுக்கு அந்தப் பக்கம் உடனே இருட்டு. பச்சையான இருட்டு. மழை நின்று நேரமாகியும் உள்ளே மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பறவை விசில் அடித்தது. பாதிப் பாட்டோடு நிறுத்தியது. மண்வாசனை, அழுகிய பலாப்பழ வாசனை, அதற்கும் அடியில் இன்னொரு வாசனை, பெயர் தெரியாதது. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றே போனை நீட்டிப் பிடித்தேன். திரையில் வெறும் கருப்புதான் தெரிந்தது. இன்னும் இரண்டடி போக வேண்டும்.

காலைத் தூக்கினேன். வைக்க முடியவில்லை.

பயம் இல்லை, சத்தியமாக. வெட்கம். உள்ளே யாரோ குளித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிடாமல் தட்டியைத் தள்ளித் திறக்கப் போனவளைப் போல ஆகிவிட்டேன். அங்கேயே எவ்வளவு நேரம் நின்றேனோ. முடியெல்லாம் பனி.

திரும்பி வந்து பாவாயி அக்காவிடம், "என்னால முடியலீங்க அக்கா," என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். என் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டார். "நல்லதாப் போச்சு கண்ணு. ராத்திரி முச்சூடும் நான் தூங்கல," என்றார்.

ஜூலை 9, செவ்வாய்

அப்படியானால் என்ன செய்யப் போகிறோம்? தெரியவில்லை. மழை.

ஜூலை 18, வியாழன்

விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் ஆறும்.

சமுதாயக் கூடம் நிறைய ஆள். மேசைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் வனத்துறையிலிருந்து ரேஞ்சர் ஒரு அம்மா, அந்தப் பக்கம் பிரேம். ஊர் சார்பில் பேச என்னை நிறுத்தியிருந்தார்கள், பன்னிரண்டு படித்தவள் என்று. நேற்று ஒத்திகை கூடப் பார்த்தோம். ஆள் கட்டிப் பிடிக்க முடியாத மரம், மூலிகை, கரடி, எல்லாம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஓடையைப் பற்றிச் சொன்னேன். வயல்களைப் பற்றிச் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். அப்புறம் அதிகாரி கேட்டார்: "சரிம்மா, சோலைக்குள்ள என்ன இருக்கு?"

கரடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரியாதுங்க," என்று வந்தது.

"என்னது?"

"நாங்க யாரும் உள்ள போனதில்லீங்க."

கூடமே சிரித்தது. பிரேம் அதிகாரி பக்கம் குனிந்து, "பாக்காத எடத்துக்காக சார் சண்டை போடறாங்க," என்றார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் முகம் எரிந்தது. ஐயோ, எனக்கு என்ன கேடு? ஒரு பொய். ஊருக்காக ஒரே ஒரு பொய். அதுகூட வரவில்லையே இந்த வாயில்!

வெளியே வந்ததும் பாவாயி அக்கா, "கரடின்னு சொல்றதுக்கு உனக்கு வாய் வலிக்குதாடி?" என்று கத்தினார். பிறகு அவரே அழுதார். இன்றைக்குச் சோலையை நான்தான் தொலைத்தேன்.

என் வீட்டுக்காரர் பின்வரிசையில் மற்ற டிரைவர்களோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னார்: "எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல யமுனா."

ஜூலை 20, சனி

அந்த ரேஞ்சர் அம்மா கடைக்கு வந்தார். பெயர் தாமரைச்செல்வி. அடிவாரத்தில் விவசாயக் குடும்பம். பெஞ்சில் உட்கார்ந்து சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"அன்னிக்கு நீங்க சொன்னது நெசமுங்களா? விறகுக்குக் கூடப் போனதில்லையா?"

"விறகுக்குக் கூட."

"மாடு மேய்க்க? தேன் எடுக்க?"

"மாடு தப்பிப் போனா கல்லுக்கு இந்தப் பக்கம் நின்னு கூப்புடுவோம். வந்தா வரும்."

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டார். "நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து காடு காடாத்தான் அலையறேன். மரம் இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க, போய்ப் பாத்தா அடிக்கட்டைதான் இருக்கும். தெரியாதுன்னு ஒரு ஊர் சொல்லி இப்பத்தான் கேக்கறேன். நான் பாக்கணுமே," என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. அவர் போன பிறகு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றபோதுதான் புரிந்தது: யாரும் போகாத இடத்தில்தான் மரம் மிஞ்சியிருக்கும். ஒரு பஜ்ஜி கருகிவிட்டது.

ஜூலை 24, புதன்

தாமரைச்செல்வி மேடம் வந்தார். கூட்டிக்கொண்டு வந்தது யார்? இவருடைய ஜீப்! கம்பெனி வாடகையை நேற்றே விட்டுவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மனுஷனை என்ன செய்வது?

ராசப்பன் மாமா எல்லைக்கல்லில் கற்பூரம் ஏற்றி, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி சொன்னார்: "பாக்க வாராங்க சாமி. எடுக்க வரல." கொஞ்ச நேரம் காத்திருந்தார். எதற்கு என்று தெரியவில்லை. எதுவோ சரியாக இருந்திருக்க வேண்டும், தலையை ஆட்டினார். மேடம் பூட்ஸைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, வெறுங்காலோடு போனார். பனி மூடிக்கொண்டது.

நாங்கள் கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். யாரும் பேசவில்லை. பாவாயி அக்கா கூடப் பேசவில்லை, அதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். நான் அந்தப் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாதங்கள் இப்போது எதை மிதிக்கின்றன? இலையா, வேரா, ஈரப் பாசியா? பொறாமையாக இருந்தது. அப்படியே எழுதிவிடுகிறேன்: வயிறு எரிகிற பொறாமை.

வெயில் ஏறித்தான் திரும்பி வந்தார். கால் முழுக்க அட்டைக்கடி, ரத்தம். கண் மட்டும் தூங்கி எழுந்த குழந்தையின் கண் மாதிரி இருந்தது. பூட்ஸைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு ஜீப் வரை நடந்தார்.

நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ராசப்பன் மாமா விளக்கு வைக்கப் போய் வந்தார். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் மட்டும் ஏதோ சிரிப்பு.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கனவு. சோலைக்குள் என் அடுப்படி. அதன் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் இன்னொரு சோலை.

செப்டம்பர் 13, வெள்ளி

குத்தகை இல்லை என்று உத்தரவு வந்துவிட்டது. கணக்கில் 'தரிசு' என்பதை அடித்துவிட்டுக் 'காடு' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். செய்தியைச் சொல்ல மேடமே கடைக்கு வந்தார். பாவாயி அக்கா சத்தம் ஏரியின் அக்கரைக்குக் கேட்டது. படகில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு மேடம் தன் போனை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"அறிக்கைக்காக எடுத்த போட்டோ. பூசாரி ஐயாகிட்டக் கேட்டுட்டேன், உங்களுக்குக் காட்டலாம்னாரு. பாருங்க."

கையை முந்தானையில் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன். ஒரு விரல் வைத்தால் போதும். ஜன்னலில் நின்ற இத்தனை வருஷமும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"வேண்டாங்க மேடம்."

"ஏனுங்க?"

"அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னேனுங்களே. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "பைத்தியம்," என்றார். பைத்தியம்தான். இப்போதும் விரல் துறுதுறுக்கிறது.

நவம்பர் 20, புதன்

எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் வனத்துறை போர்டு நட்டிருக்கிறார்கள். 'அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது.' பாவாயி அக்கா என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "இத யாருக்கு எழுதியிருக்காங்க?" என்றார்.

பிரேம் போகிற வழியில் கடைக்கு வந்தார். வேறு ஏதோ மலையில் இடம் பார்க்கிறார்களாம். அங்கேயும் ஜன்னலில் பார்த்துக்கொண்டு ஒருத்தி இருப்பாள். இந்த முறை டீயில் சர்க்கரை போட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் பாத்திரம் கழுவ இறங்கினால் ஓடையில் ஒரு பூ. வெள்ளை, காம்பில் மட்டும் மஞ்சள். இதுவரை வராத பூ. எந்த மரம் என்று மேடத்துக்குத் தெரிந்திருக்கும். மாமாவுக்கும் தெரிந்திருக்கும்.

கொண்டையில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன். நாள் முழுக்கக் கடையில் வாசனை. டீ குடிக்க வந்தவர்களெல்லாம் என்ன பூ, என்ன பூ என்று கேட்டார்கள்.

"தெரியாதுங்க," என்றேன்.