பினாயில் ஊற்றிக் கழுவிய பெஞ்சு

என் பிரியமான ஸ்டெல்லா அக்கா,

நீங்கள் ரிட்டயர் ஆகி ஊரைவிட்டுப் போன பிறகு உங்கள் உயிரியல் வகுப்பையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் போனால் உங்கள் வீட்டு கேட்டைப் பார்க்காமல் வர முடிவதில்லை. நல்ல சேதி சொல்லத்தான் ஆசை. ஆனால் இன்னும் எனக்குக் குமட்டுகிற ஒன்றை உங்களிடம்தானே கொட்ட முடியும்?

எட்டாம் வகுப்பில் காவ்யா என்று ஒரு பெண். தர்மபுரியிலிருந்து வந்து ஹெப்பகோடியில் கம்பெனி வேலை பார்க்கிற குடும்பம். போன மாதம் கணக்கு வகுப்பில் இருந்தபோது அவளுக்கு முதல் முறையாக வந்துவிட்டது. யூனிஃபார்மில் ரத்தம். வயிற்றுக்குள் ஏதோ கிழிந்துவிட்டது என்று நினைத்து அழுதிருக்கிறாள். நம் கோஆர்டினேட்டர் மேடம் என்ன செய்தார் தெரியுமா? அவளை சைக்கிள் ஸ்டாண்டில் நிற்க வைத்துவிட்டு, ஆயாவைக் கூப்பிட்டு பெஞ்சைப் பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னார்.

நான் ஓடிப்போனபோது, புத்தகப் பையால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். "மிஸ், எனக்கு என்ன வியாதி?" என்றாள். படித்துப் பட்டம் வாங்கிய இத்தனை பேர் இருக்கிற கட்டிடத்தில் ஒருவருக்கும் அவளிடம் பேசத் தோன்றவில்லையா, அக்கா? நாப்கின் கொடுத்து, விஷயத்தைச் சொல்லி, அவள் அம்மா வரும்வரை கூடவே இருந்தேன்.

ஸ்டாஃப் ரூமில் மேடத்திடம் கேட்டேன்.

"இன்னிக்கு ஸ்கூல்ல பூஜை வேற இருக்கு மல்லிகா. அசிங்கம் இல்லையா?" என்று மூக்கைச் சுளித்தார்.

அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது? டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

மறுநாள் இனப்பெருக்கப் பாடத்தை எடுத்தேன். வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லித் தள்ளிவிட வேண்டும் என்பது இப்போதைய உத்தரவு. ஆண் பிள்ளைகளை வெளியே அனுப்பவில்லை. முதலில் சிரித்தார்கள். கர்ப்பப்பையை போர்டில் வரைந்தேன். கரு தங்குவதற்காக அதன் உள்சுவர் மாதாமாதம் தடிப்பதையும், தங்காவிட்டால் அது உரிந்து ரத்தத்தோடு வெளியேறுவதையும் சொன்னேன்.

பிரவீன் எழுந்து, அது கெட்ட ரத்தம் என்கிறார்களே, நிஜமா என்று கன்னடத்தில் கேட்டான். நானும் கன்னடத்திலேயே சொன்னேன்: "கெட்டதா இருந்தா நீ எப்படிப்பா பொழைச்சிருப்ப? நாம எல்லாரும் அந்தச் சுவர்ல ஒட்டிக்கிட்டுதான் வளர்ந்தோம்."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. திரும்பினால் வாசலில் மேடம்.

அன்று மாலையே எட்டாம் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். சண்டை போட்டேன், பிரயோஜனம் இல்லை. அந்த ஸ்டாஃப் ரூமில் உட்காரவே இப்போது அருவருப்பாக இருக்கிறது.

ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டுப் பள்ளிக்கு வந்த காவ்யா, வராந்தாவில் என்னை நிறுத்தினாள். "நீங்க சொன்னதை அம்மாகிட்ட சொன்னேன் மிஸ். அது எங்கேருந்து வருதுன்னு அவங்களுக்கும் தெரியாதாம்."

மூன்று பிள்ளை பெற்றவர், அக்கா.

எந்த வகுப்பைக் கொடுத்தாலும் சரி, கேட்கிற பிள்ளையைப் பதில் சொல்லாமல் அனுப்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
மல்லிகா