ஈரத்தின் மேல் போட்ட பூச்சு

செப்டம்பர் 14, வியாழன்

விடுதிக் குளத்தைச் சுற்றி இன்று ஆறு மணி நேரம் தளம் சுரண்டும் கிரைண்டர் ஓட்டினேன். மூக்கைச் சிந்தினால் சிமெண்ட் வருகிறது. பழைய தளம் பல வருடக் குளிரில் பொருக்குப் பொருக்காக உரிந்து கிடக்கிறது. வெந்நீர்க் குளத்திலிருந்து எழுந்து வெறுங்காலோடு ஓடுகிறவர்களின் பாதத்தைக் கிழிக்கிறதாம். பனியில் வெறுங்காலோடு ஓடச் சொன்னது யார்?

எலோய் ஓல்கீன் முட்டிபோட்டு, சுத்தியலால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். உள்ளே பொள்ளல் என்று சத்தம் சொன்ன இடத்திலெல்லாம் நீலச் சாக்கட்டியால் வட்டம் போட்டார். பதினோரு வருடமாக எங்களிடம் பூச்சு வேலை செய்கிறார். இந்த மலையில் அவரைப்போல் கரண்டி பிடிக்க ஆள் இல்லை.

மதியம் கம்ப்ரெசர் கிளம்பவில்லை. என் தம்பி டாயில் அதை உதைத்தான், குறடால் அடித்தான், பிறகு குறடை லாரிக் கண்ணாடி மேல் வீசினான். எங்கள் லாரிதான். நாற்பத்து நாலு வயது ஆகிறது அவனுக்கு.

எலோய் தட்டுவதை நிறுத்தவே இல்லை. "கண்ணாடி உன்னை என்னப்பா பண்ணுச்சு? அந்த மலையும் உன்னையே முறைக்குது பாரு, அதையும் ரெண்டு போடு."

டாயில் சிரித்துவிட்டான். அவனை அந்த மாதிரி நேரத்தில் சிரிக்க வைக்க எலோயால் மட்டும்தான் முடியும்.

செப்டம்பர் 19, செவ்வாய்

டாயில் நேற்று மதுக்கடையில் ஒருவன் பல்லை உடைத்தான். ஏன் என்று கேட்டேன். "சிரிச்சான்" என்றான்.

செப்டம்பர் 22, வெள்ளி

விரிசல்களை அடைத்தாயிற்று. சாயங்காலம் நான்கு இடத்தில் பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரத்தில் டேப் ஒட்டினேன். காலையில் தாளுக்கு அடியில் நீர் கோத்திருந்தால் கான்கிரீட்டுக்குள் ஈரம் இருக்கிறது, பூச்சுப் போடக்கூடாது. ஈரம் பார்ப்பது அப்பா காலத்திலிருந்தே என் வேலை.

வியாழக்கிழமை உறைபனி என்கிறார்கள். நாளைக்குப் போட்டால்தான் அதற்குள் இறுகும். விட்டால் ஜூன் வரை குளம் மூடிக்கிடக்கும், விடுதி எங்களை விரட்டிவிடும்.

செப்டம்பர் 23, சனி

மூன்று இடம் காய்ந்திருந்தது. வடக்குச் சுவர் ஓரம், வெயிலே படாத இடம் - தாளைத் தூக்கினால் அடியில் துளித்துளியாக நீர்.

டாயில் எதிர்க்கரையில் கடப்பாரையோடு நின்றான். இரவு முழுக்கக் குடித்த கண். "என்னக்கா, போடலாமா?"

தாளைச் சட்டைக் கையால் துடைத்தேன். "காய்ஞ்சிருக்கு."

எலோய் திரும்பிப் பார்த்தார். "வடக்குப் பக்கமுமா?"

"ஆமா."

அவர் போய்க் கலவை போட்டார். எதற்குப் பயந்து பொய் சொன்னேன், பனிக்கா அந்தக் கடப்பாரைக்கா? எழுதி வைத்தாலாவது மனசு அடங்கும் என்று பார்த்தேன். அடங்கவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

விடுதி மேலாளர் அழைத்தார். இரண்டு இரவு உறைந்திருக்கிறது. வடக்குப் பக்கம் முழுக்கப் பூச்சு தட்டுத்தட்டாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம். நாளைக்குக் காலையில் மூன்று பேரும் போகிறோம்.

அக்டோபர் 11, புதன்

எழுதத்தான் வேண்டும்.

டாயில் ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து எலோயின் காலடியில் போட்டான். "கலவையில எவ்வளவு தண்ணி ஊத்துன?"

"அளவுதான்."

"இழுக்கச் சுலபமா இருக்கட்டும்னு ஊத்தியிருக்க, கிழவா. முட்டி வலிக்குதுன்னு ஊத்தியிருக்க."

எலோய் சிரிக்க வைக்கத்தான் பார்த்தார். "என் முட்டிக்குத் தண்ணி ஊத்துனா அது ஏன் தளத்துக்குப் போகுது?"

டாயில் சிரிக்கவில்லை. பூச்சு சுரண்டும் இரும்பு கையில் இருந்தது. முதல் அடி தாடையில். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. எலோய் கையில் ஒன்றுமில்லை, கையைத் தூக்கக்கூட இல்லை - இரண்டாவது அடி கண்ணில். விழுந்தவரை உதைத்தான். எண்ணிக்கொண்டே உதைத்தான், பெயர்ந்த துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று. ஒன்பதுவரை போனான். சமையல்கட்டு ஆட்கள் ஓடிவந்து அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள்.

நான் நின்றேன். "நான்தான்" என்று ஒரு வார்த்தை. முதல் அடிக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். இரண்டாவதுக்கு முன்னாலாவது! வாய் திறக்கலையே, பாவி நான், வாய் திறக்கலையே.

அக்டோபர் 12, வியாழன்

எலோய்தான் முதலில் கை ஓங்கினார் என்று டாயில் எழுதிக் கொடுத்து ஜாமீனில் வந்துவிட்டான். ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரன் என்னிடமும் கேட்டான். நான் லாரியில் இருந்தேன், பார்க்கவில்லை என்றேன். சமையல்கட்டு ஆட்கள் உண்மையாகவே தொடக்கத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

எலோயின் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 28, சனி

எலோயின் மனைவி ஒட்டீலியா வந்தாள். கதவைத் திறந்ததும் அறைந்தாள். பிறகு இன்னொன்று. நான் கன்னத்தைப் பிடிக்கவில்லை, அதனால்தான் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"கண்ணு போச்சு, சரி. ஊரு பூரா என்ன சொல்லுது தெரியுமா? ஓல்கீன் கலவையில தண்ணி ஊத்துற ஆளுன்னு. நாப்பது வருஷமா முட்டி தேய வேலை செஞ்ச மனுஷன். இனி எவன் கூப்பிடுவான்?" என் சட்டையைப் பிடித்தாள். "ஊத்துனாரா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"ஊத்தல."

"எப்படித் தெரியும் உனக்கு?"

சொன்னேன். பிளாஸ்டிக் தாள், துளிகள், சட்டைக் கை எல்லாம். அவள் என் சட்டையை விட்டுவிட்டாள். மூன்றாவது அறை வரும் என்று நின்றேன். அவள் என் வாசலில் துப்பிவிட்டுப் போனாள். அறைந்திருக்கலாம்.

அக்டோபர் 29, ஞாயிறு

இன்று டாயிலிடம் சொல்லப் போகிறேன். நாளைக்கு ஷெரிஃப் ஆபீஸில். இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும், அவன் என் தம்பி.

நவம்பர் 4, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணல்.

சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "எவ்வளவு ஈரம்?" என்று கேட்டான். துடைக்கிற அளவு என்றேன். முகம் இடிந்துபோனது. எலோயை நினைத்து அழப் போகிறான் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

"யாருகிட்ட சொன்ன?"

"ஒட்டீலியாகிட்ட. நாளைக்கு ஷெரிஃப் ஆபீஸ்லயும்."

"அவ அவன் பொண்டாட்டி, அவ பேச்சு எடுபடாது. நீ சொல்லமாட்ட, அக்கா."

சாலையைக் கடக்கக் குழந்தையைக் கூட்டிப்போவதுபோல என் வலது கையைப் பிடித்து லாரிவரை அழைத்துப் போனான். கையைக் கதவிடுக்கில் வைத்தான். கதவைச் சாத்தினான். திறந்து, மறுபடியும் சாத்தினான்.

ஆஸ்பத்திரிக்கும் அவனேதான் கூட்டிப்போனான். வழியெல்லாம் அழுதான். "காத்துல கதவு சாத்திக்கிச்சு" என்றான் நர்ஸிடம். நானும் தலையாட்டினேன்.

நான்கு விரல் நொறுங்கிவிட்டது.

நவம்பர் 6, திங்கள்

ஷெரிஃப் ஆபீஸுக்குப் போனேன். ஈரத்தைப் பற்றிச் சொன்னேன். எலோயின் கை வெறுமையாக இருந்ததையும், நான் லாரியில் இல்லை என்பதையும் சொன்னேன். மாவுக்கட்டைக் காட்டி இது காற்று இல்லை என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டவன், "இதை முதல்லயே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தான். அந்த வாக்கியத்தை நான் தினமும் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன், உன் வேலையைப் பார் என்றேன்.

விலங்கு மாட்டப் போனபோது டாயில் ஒருவன் மூக்கை உடைத்தானாம்.

மார்ச் 19, செவ்வாய்

ஆறு வருடம் சிறை. டாயில் என்னைப் பார்த்தபடியேதான் போனான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றும் புரியாதவன் மாதிரி பார்த்தான்.

கூண்டில் நின்று ஈரத்தைப் பற்றிச் சொன்னபோது எலோய் தலையைத் தூக்கவில்லை. வெளியே வந்ததும் ஒட்டீலியா அவர் கையைப் பிடித்துப் படியில் இறக்கினாள். நல்ல கண் இருந்தும் கடைசிப் படியில் தடுமாறினார்.

ஏப்ரல் 8, திங்கள்

யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பாதிப் பேருக்கு நான் தம்பியைக் காட்டிக்கொடுத்தவள். மீதிப் பேருக்கு ஈரத்தில் பூச்சுப் போட்டவள். இரண்டு தரப்பும் சொல்வது சரிதான்.

ஜூன் 3, திங்கள்

எலோய் போன் செய்தார். எட்டு மாதம் கழித்து முதல் முறை. தாடையில் கம்பி வைத்ததிலிருந்து பேச்சு மெதுவாக வருகிறது.

"விடுதித் தளத்தை என்கிட்ட குடுத்துட்டாங்க. மொத்தத்தையும் பெயர்த்துட்டுப் போடறேன். கரண்டி பிடிக்கறேன். ஆனா ஒத்தைக் கண்ணுக்கு மேடு பள்ளம் தெரியல. தண்ணி ஓடுற வாட்டம் பார்க்க ஆளு வேணும்."

"யாரைக் கேட்டீங்க?"

"உன்னைத்தான் கேக்கறேன். ஒரு கண்ணைக் கெடுத்துவிட்டுட்டு, யாரைக் கேட்டீங்களாம்." பிறகு சொன்னார்: "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு வராத. வேலைக்கு வா."

ஜூன் 12, புதன்

ஏழு மணிக்குப் போனேன். வலது பக்கம் போய் நின்றேன், அவர் பார்க்கிற பக்கம். அவர் தலையை ஆட்டினார்.

"இந்தப் பக்கம் நில்லு. அங்கதான் எனக்குத் தெரியாது."

இடது பக்கம் போனேன். அவர் முட்டிபோட்டு இழுத்தார், நான் மட்டப்பலகையைப் பிடித்து அடியில் வெளிச்சம் பார்த்தேன். விரல் மூன்றுதான் மடங்குகிறது, போதும். நான்கு மணிக்குக் கடைசி மூலை. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது, மழைக்கு அரைமணி நேரம்கூட இல்லை. கூட வந்த ஆட்கள் தார்ப்பாயோடு நின்று அவசரப்படுத்தினார்கள்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார்.

தளம் பார்க்க அழகாக இருந்தது. மூலையில் மட்டும் ஒரு நூல் அளவு பள்ளம். தண்ணீர் தேங்கும், உறையும்.

"பள்ளமா இருக்கு. எடுத்துட்டு மறுபடி போடணும்."

ஆட்கள் முனகினார்கள். எலோய் கரண்டியைச் செருகிப் பூச்சை வாரினார். மழையில் நனைந்துகொண்டே தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தோம், அவர் அடியில் படுத்துப் போட்டு முடித்தார்.

நாளைக்கும் ஏழு மணிக்கு வரச் சொன்னார்.