கண்டன்சரில் நின்ற கரண்ட்

குரும்பகரம்,
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கவியாவுக்கு அம்மா ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகம், அங்கே கௌஹாத்தியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்போடு மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று கேட்பாய். போன் என்றால் உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார், நீயும் சாப்பிட்டேன், கிளாஸ் இருக்கு என்று சொல்லி வைத்துவிடுகிறாய். மனசில் இருப்பதைக் கேட்க எனக்கு வேறு வழி இல்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் பூவம் அமுதத்தைப் பார்த்தேன். உன் ரூமில் இருக்கிற நித்யஸ்ரீயின் அம்மாதான், தெரியும் அல்லவா, பந்தியில் என் பக்கத்து இலை. உன் பெண்ணுக்கு இப்போது பரவாயில்லையா என்று கேட்டாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சொல்கிறாள், எலக்ட்ரிகல் பரீட்சையில் நீ பெயிலாம், ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம், லேபில் எல்லோரும் ஒயர் சேர்க்கும்போது நீ பின்னால் ஒதுங்கி நின்று அவர்கள் சொல்கிற நம்பரை மட்டும் எழுதிக்கொள்கிறாயாம், கரண்ட் என்றாலே பயமாயிருக்கு, வேறு பிரிவு கொடுத்தால் போவேன், இல்லாவிட்டால் ஊருக்கே போய்விடுவேன் என்கிறாயாம். இலையில் பாயசம் விட்டார்கள், அது இனித்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா கண்ணு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது, நானும் சொல்லவில்லை. உன் மாமா சிவக்குமார் இருக்கிறானே, பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு இந்தக் கரண்டு வம்பு, கம்ப்யூட்டர்ல போட்டிருக்கலாம்ல என்று நீ சேர்ந்த அன்றைக்கே சொன்னவன், அவன் காதுக்குப் போனால் அது ஒரு பேச்சாகிவிடும். பொய் எதற்கு, வந்துவிடட்டும், கண் முன்னால் இருந்தால் போதும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சனிக்கிழமை நள்ளாறு போய் எள் விளக்குப் போட்டேன், அப்போதும் இதே நினைப்புதான். வந்துவிடம்மா என்று எழுதத்தான் கடைக்குப் போய்ப் பேப்பரும் வாங்கி வைத்தேன்.

அதை எழுதுவதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை மத்தியானம் பருத்திக்குத் தண்ணீர் விட அப்பா வயலுக்குப் போனார். வெயில் இப்போதே அடித்துக் கொளுத்துகிறது, செடியெல்லாம் தலை தொங்கிக் கிடக்கிறது. மோட்டாருக்கு வருகிற மூன்று பேஸ் கரண்டில் ஒன்று வரவில்லை. அதற்குத்தான் இங்கே எல்லாரும் போல அவரும் கண்டன்சர் பெட்டி ஒன்று மாட்டி, இருக்கிற ரெண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டுவாரே, அன்றைக்கும் ஓட்டியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்து மோட்டார் நின்றுவிட்டது. நான் டீ எடுத்துக்கொண்டு போகிற நேரம், மெயினை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். கண்டன்சரிலிருந்து மோட்டாருக்குப் போகிற ஒயர் கருகி அறுந்து தொங்குகிறது. அவர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, எதைத் தொடுவதற்கு முன்னாலும் புறங்கையால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார், கரண்ட் இருந்தால் புறங்கை தன்னால் விலகிக்கொள்ளுமாம். அந்த மாதிரி கையை நீட்டினார். நீ அங்கே பாடம் ஆரம்பித்த புதிதில் போனில் சொன்னாயே, மெயினை நிறுத்தினாலும் கண்டன்சருக்குள் கரண்ட் நிற்கும், அதைத் தொட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லு என்று. அன்றைக்கு அவர் சிரித்தார், நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது அந்த நேரத்தில் எப்படித்தான் ஞாபகம் வந்ததோ, டீயைக் கீழே போட்டுவிட்டு அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன், தோள்பட்டையில் தையல் விட்டுப்போயிற்று. உனக்கென்ன பைத்தியமா, மெயினே நிறுத்தியாச்சு, இனிமே அதுல என்ன இருக்கப்போவுது என்று கத்தினார். நான் விடவில்லை. பக்கத்து வயலில் மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்திருந்த ஜெகபர் சாதிக் பாயைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பல்பின் ரெண்டு ஒயரையும் கண்டன்சரில் வைத்தார். மெயின் நின்றிருக்கிறது கவியா, அந்தப் பட்டப்பகலில் பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ வருஷமாக் கையாலதான் தொடுறேன், ஒருநாளும் ஒண்ணும் பண்ணலையே, இன்னைக்கு மட்டும் ஏன் என்று கேட்டார். சாதிக் பாய் சொன்னது, எல்லா நேரமும் அடிக்காதுங்க, எப்ப அடிக்கும்னு எனக்கும் சொல்லத் தெரியாது, அதனாலதான் பல்பு வச்சுப் பார்க்காமத் தொடுறதில்ல. அவர் போன பிறகு நாங்களும் வீட்டுக்கு வந்தோம். வாசலில் கால் கழுவும்போது அப்பா மெதுவாக, கவியாவக் கேளு, அவளுக்குத் தெரியும் என்றார். நீ படிப்பை விடப் பார்க்கிறாய் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாதே.

நேற்று அமுதத்துக்குப் போன் போட்டு, எந்தப் பாடத்தில் உனக்கு மார்க் போயிற்று என்று நித்யஸ்ரீயிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே, மனசு கேட்கவில்லை. கண்டன்சர் கணக்காம். அதில் கரண்ட் எவ்வளவு நேரம் நிற்கும், எப்படி வடியும் என்கிற கணக்காம். கேட்டதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நீ பெயிலான பாடம்தான் கண்ணு இன்றைக்கு உங்கப்பாவை என் எதிரில் உட்கார வைத்துச் சோறு தின்ன வைத்திருக்கிறது. உன் வாத்தியார் அதற்கு மார்க் போடமாட்டார், ஆனால் எனக்குத் தெரியும்.

அதனால் வந்துவிடு என்று நான் எழுதவில்லை. எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே, முன்னைக்கு இப்போது அதிகமாகத்தான் இருக்கிறது. உனக்கும் இருக்கட்டும், பயந்தவள்தான் அன்றைக்கு அந்த ஒரு பேச்சைச் சொல்லி வைத்தாய். ஆனால் ஒதுங்கி நிற்காதே கண்ணு. அடுத்த லேபில் ஈரம் இல்லாத கையோடு, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, சார் பக்கத்தில் இருக்கும்போது ஒரே ஒரு ஒயரையாவது நீயே சேர்த்துப் பார். அந்தக் கணக்கு புரியாவிட்டால் புரிகிறவரைக்கும் போய்க் கேள், திட்டினால் திட்டட்டும். நிஜமாகவே பிடிக்காமல் போனால் அப்புறம் பேசுவோம், இது உன் வீடு. சாப்பிடாமல் மட்டும் கிடக்காதே, நித்யஸ்ரீயையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை.

நல்லபடியாக இருந்து நினைத்ததை முடி, குலதெய்வம் கூட இருக்கும். ஒன்று மறக்காதே. உன் பதில் வருகிறவரை அந்தப் பெட்டியில் கை வைக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், சரி என்றார். ஆனால் பருத்தி வாடுவதைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா இருக்கமாட்டார், காலையில் ரெண்டு தடவை மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டு வந்தார். நான் எத்தனை தடவை சட்டையைப் பிடித்து இழுக்க முடியும். இந்த லெட்டர் கிடைத்ததும் போன் பண்ணி, மெயினை நிறுத்தியும் கரண்ட் ஏன் அதற்குள் நின்றது, எப்போது தொடலாம், எப்போது தொடக் கூடாது என்று அவருக்குப் புரிகிற மாதிரி நீயே சொல்லு. வேறு யார் சொன்னாலும் அவர் கேட்கமாட்டார்.

உன் அம்மா,
இ. செல்லம்மா