அறுபத்து மூன்று கட்டுரைகள்

அன்புள்ள தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்பது வழக்கத்துக்காக எழுதியது. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நேற்று எங்கள் பள்ளி நிர்வாகக் குழு ஆசிரியர்களை அழைத்துச் சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டியது. இணையவழிக் கல்வி பற்றிப் பத்து ஆண்டுகளில் வந்த ஆய்வுகளின் போக்காம். ‘செயலி’ என்ற கோடு ஏறுகிறது. ‘ஆசிரியர்’ என்ற கோடு சறுக்கிக்கொண்டே போகிறது. கீழே மூலையில் உன் பெயர். உலகமே இந்தப் பக்கம்தான் போகுது, நாம மட்டும் எதுக்கு வகுப்புக்கு ஒரு ஆளை நிறுத்தணும் என்று செயலாளர் கேட்டார். நாலாம் வகுப்புக்கு இனி கணினியே போதும் என்று திங்கட்கிழமை முடிவெடுக்கப் போகிறார்கள். நாலாம் வகுப்பு யாருடையது என்று உனக்குத் தெரியும்.

உங்க தம்பி பெரிய ஆளாயிட்டார் போல என்று பக்கத்திலிருந்த கணக்கு டீச்சர் காதைக் கடித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்தக் கோடு எப்படிச் சறுக்கியது என்று நம் இருவருக்குத்தான் தெரியும். உன் ஆய்வுக்காக அறுநூறு கட்டுரைகளைத் தலைப்புவாரியாகப் பிரிக்கும் வேலையை என் தலையில் கட்டினாய். விடுமுறை முழுவதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பிரித்தேன். ஒரு கட்டுரைக்கு ஒரு தலைப்புதான் என்றாய். இது ஆசிரியரையும் பேசுகிறது, செயலியையும் பேசுகிறதே, எதில் போட என்று கேட்டதற்கு, புதுசு எதுவோ அதுல போடுக்கா, யாரு பார்க்கப் போறா என்றாய். போட்டேன். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் செயலி உதவவில்லை என்று சொன்ன கட்டுரைகள்கூடச் ‘செயலி’யில் போய்ச் சேர்ந்தன. எனக்கு நானே குழி தோண்டிக்கொண்டேன்.

அதைவிடக் கொடுமை, ஆராய்ச்சிக்காரர்கள் எதைப் பற்றி எழுதுகிறார்கள் என்றுதான் நீ எண்ணினாய். பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று எண்ணவே இல்லை. நேற்று இரவு போனில் இதைக் குழுவுக்கு எழுதச் சொன்னால், வெளிவந்த ஆய்வில் கைவைக்க முடியாது, மாநாட்டில் பரிசு அறிவித்துவிட்டார்கள் என்கிறாய். உன் பரிசைத் தூக்கி உடைப்பில் போடு. என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் இருக்கிறாள். போன ஆண்டு ஐந்து மாதம் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே வராது என்பதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அவள் உன் எந்தக் கோட்டில் வருகிறாள்?

இரண்டு தலைப்பிலும் வரவேண்டிய கட்டுரைகள் அறுபத்து மூன்று. ஒவ்வொன்றையும் பென்சிலால் சுழித்து வைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் நீ எழுதாவிட்டால் அதை அவர்கள் மேசையில் வைப்பேன். உன் பெயரோடு என் பெயரும் நாறும். நாறட்டும்.

உன் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்தது எந்தச் செயலியும் இல்லை. அந்தக் கையால் நாலு வரி எழுதத்தான் கேட்கிறேன். நோட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. என்னை எடுக்க வைத்துவிடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா