தொங்கும் கட்டைக்கு நான்கு

ஷிராணி அப்பாவுக்கு,

"யாரும் பாடாத இடத்துக்கு எதுக்கும்மா குறி போடுறாங்க?" என்று ஷிராணி சின்ன வயதில் பாட்டுத்தாளைக் காட்டிக் கேட்டாள். மற்றவர்களுக்காகக் காத்திருக்கத்தான் என்றேன். ஞாயிறு பூசையில் நீங்கள் இரண்டு எண்ணிக்கை முந்திப் பாடியபோது எனக்கே அந்தப் பொறுமை இல்லை. "எண்ணத் தெரியாதா?" என்று ஓர்கனிலிருந்து திரும்பி, பாடகர் குழுவின் முன்னால் கேட்டுவிட்டேன். ஆண்டவருக்குப் பாடும் பாட்டில் என் கோபம் எதற்கு? மூன்று நாளாக நீங்கள் பேசவில்லை. அலுத்துப்போகிறது.

இன்று எனக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் பகல் வேலை. சோறும் பருப்பும் அடுப்பில் இருக்கின்றன, சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

உங்கள் பாட்டுத்தாள் மேசையில். அதில் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் கறுப்புக் கட்டைக் குறிக்கு இரண்டு எண்ணிக்கை மௌனம். கோட்டின் கீழே தொங்கும் கட்டைக்கு நான்கு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான். சொல்லித்தராதது என் பிழை.

மாலைப் பயிற்சிக்கு வாருங்கள். சாவியைப் பூச்சட்டிக்கு அடியில் வையுங்கள்.

பி.கு: என் முதல் நத்தாரில், பாலன் பிறப்புப் பூசையில், நான் இடம் தவறி ஓர்கனை நிறுத்தியபோது, நான் மீளும்வரை நீங்கள் தனியாகப் பாடிக்கொண்டிருந்தீர்கள். இன்றுவரை நீங்கள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. காலையில் நீங்கள் எழும்புமுன், தொங்கும் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் 1 2 3 4 என்று பென்சிலால் எழுதிவிட்டேன். மெல்லிய எழுத்துத்தான், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.